தரை நிக்குமா மேஸ்திரி?

அந்தத் தெருவில் பெண்ணுக்கு வரன் பார்த்தால் முதல் கேள்வி பையனின் உயரம்தான். "படிப்பு, உத்தியோகம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மாப்பிள்ளை தலை இடிக்காம உள்ள வந்துடுவாரா, அதச் சொல்லுங்க" என்பார்கள். கேலிதான், ஆனால் பாதிதான் கேலி. தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தே பழகிய ஜனங்கள் வெட்டவெளியில் நடக்கும்போதுகூட, மேலே ஏதோ இடிக்கப்போவதுபோலத் தலையைச் சற்றுத் தாழ்த்தியே நடந்தார்கள்.

இதற்குக் காரணம் இரண்டு பேர். ஒன்று கடல். இன்னொன்று தரை மேஸ்திரி.

மேஸ்திரி ஆரம்பத்தில் வெறும் மேஸ்திரியாகத்தான் இருந்தார். சாந்துச் சட்டி சுமந்து, கரணை பிடித்தவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகியவர். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டை விட்டால் நூல் இம்மி அசையாது என்று பேர். புது வீடு, மாடி அறை, சுற்றுச்சுவர் என்று அவர் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், தெருக்கோடியில், ஐஸ் ஆலைக்குப் பின்னால், கடல் தன் பாட்டுக்குக் கிடந்தது.

பிறகு பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சாக்கடை மூடிகளின் வழியாக உப்புத் தண்ணீர் பொங்கி வர ஆரம்பித்தது. முதலில் கணுக்கால் அளவு வந்து, தெரியாமல் வீடு மாறி நுழைந்த விருந்தாளிபோல வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. சில வருஷங்களில் அந்த வெட்கமும் போய்விட்டது. வந்தால் வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மழை இல்லை, புயல் இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கும் பகலில், ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தின் கீழ், கட்டிலுக்கடியில் மீன்குஞ்சு நீந்தியது.

அப்போதுதான் அவர் தரை மேஸ்திரி ஆனார். சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அறைக்குள் உடைகல்லும் மணலும் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, ஜல்லி பரப்பி, மேலே சிமெண்ட் பூசித் தரையை முழங்கால் உயரம் ஏற்றுவது அவர் வேலை. கலவைக்கு வரும் ஒவ்வொரு குடத்திலும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் குடம் திரும்பிப் போகும். உப்பு நீர் கலந்த தரை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போய்விடும். பூசி முடித்த தரையின் மேல் நல்ல தண்ணீரைப் பாத்தி கட்டி நிறுத்தி இறுக விடுவார். "தண்ணிக்குப் பயந்து போட்ட தரை, தண்ணி குடிச்சுத்தான் பிழைக்குது பாரு" என்று ஆரம்பத்தில் சொல்லிச் சிரிப்பார்.

தரையை ஏற்றலாம், கூரையை என்ன செய்வது? கான்கிரீட் தளம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் கதவின் அடியை அறுத்தார்கள். தோளுயரத்தில் இருந்த சுவிட்சுப் பெட்டி இடுப்புக்கு வந்து, பிறகு முழங்காலுக்கு வந்தது. விளக்குப் போட உட்கார வேண்டும். மின்விசிறிகளைக் கழற்றிப் பரணில் போட்டார்கள்; பிறகு பரணும் தலையில் இடித்ததால் அதையும் உடைத்தார்கள். ஜன்னலின் அடிக்கட்டை தரையோடு தரையாகிவிட்டதால் குழந்தைகள் வாசலை மறந்து ஜன்னல் வழியாகவே போய் வந்தன.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தரை காய்ந்து, சாமான்களை உள்ளே எடுக்கும் நாளில், வீட்டுக்காரி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்பாள்: "தரை நிக்குமா மேஸ்திரி?" மேஸ்திரி அறையின் நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டுச் சொல்வார்: "நிக்கும். தண்ணி வாசலோட திரும்பிப் போகும்." அதைக் கேட்ட பிறகுதான் அவள் உள்ளே காலெடுத்து வைப்பாள். சொல் கொடுப்பது என்று அதற்குப் பெயர். ஒரே வீட்டில் பல முறை அவர் இந்தச் சொல்லைக் கொடுத்திருக்கிறார். "போன தடவையும் இதையேதானே சொன்னீங்க" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, அதுபோல.

வழக்குப் போடலாம் என்ற பேச்சு சலூனில்தான் பிறந்தது. சலூன்காரர் தெருச் சங்கத்தின் தலைவர். எதிரும் புதிருமாகப் பெரிய கண்ணாடிகள், சுழல்நாற்காலிகள், சுவரோரம் ஒரு நீளப் பலகை. கூட்டம் போட வேறு இடம் கிடையாது. அவரும் தரையை ஏற்றியவர்தான் என்பதால், நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில் கழுத்துக்கு மேல் தெரியாது. "முகம் எதுக்கு? முடி வெட்டினது நான். என்னை நம்பு" என்பார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நம்மள மேட்டுக்குக் கொண்டுபோய் வைக்கணும். அதுவும் உதிரி உதிரியா இல்ல. ஒரு தெருவா எடுத்து, ஒரு தெருவா வைக்கணும். அரசாங்கம் அங்க ஒரு வீடு, இங்க ஒரு வீடுன்னு தர்றேன்னா என்ன அர்த்தம்? அங்க என்கிட்ட யார் முடி வெட்டிக்குவா? டெய்லரம்மாகிட்ட யார் துணி குடுப்பா? தெருவ கலைச்சுட்டா நாம ஆளுக்கொரு மூலையில வெறும் ஆளுங்க."

உள்ளூர் நீதிமன்றம் கேட்டுவிட்டு, கடலேற்றம் இயற்கையின் செயல் என்று தள்ளுபடி செய்தது. "கடலுக்குச் சம்மன் அனுப்ப ஆள் இல்லையாம்" என்றார் சலூன்காரர். மேல் நீதிமன்றமும் அதையே கொஞ்சம் நல்ல மொழியில் சொன்னது. அப்போது தலைநகரத்திலிருந்து வக்கீலம்மா ஒருத்தி வந்தாள். சின்ன வயது. முதல் நாளே நான்கு வீடுகளில் தலையை இடித்துக்கொண்டாள்.

"நம்ம நாட்டுல இருக்கிற கதவையெல்லாம் தட்டியாச்சு. இனிமே வெளிய தட்டலாம்" என்றாள். பல நாடுகள் கையெழுத்திட்ட மனித உரிமை ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதைக் காக்க வெளிநாட்டில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. புகையைக் கக்கிய நாடுகளும், ஜனங்களைக் காக்காமல் கைகட்டி நின்ற சொந்த நாடும் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே மனுப் போடலாம். உயிர் வாழும் உரிமை, வீட்டின் உரிமை, ஒரு சமூகமாகச் சேர்ந்து வாழும் உரிமை. உலகத்தில் வேறு கரையோரங்களிலும் இப்படிக் கேட்கிறார்கள் என்றாள்.

"ஜெயிச்சா தெருவச் சேர்த்து எடுத்து வைப்பாங்களா?" என்று கேட்டாள் டெய்லரம்மா.

"வைக்கச் சொல்லி அரசாங்கத்துக்குச் சொல்லுவாங்க."

"அங்க கூரை உயரமா இருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டெய்லரம்மா சிரிக்கவில்லை. தையல்காரி நின்றுகொண்டுதான் துணி வெட்ட வேண்டும். அவள் வீட்டில் நின்று வெட்டி வருஷக்கணக்காகிவிட்டது. தரையில் மண்டியிட்டுக் கத்தரி பிடித்துப் பிடித்து அவளுடைய முழங்கால்கள் காய்த்துப் போயிருந்தன. தனிக்கட்டை. போவதற்குப் பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. மேஸ்திரியை அவள் அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். கூடப்பிறந்தவர்கள் என்றே தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மனு போய்ச் சேர்ந்தது. அரசாங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. பதில் தயாரிப்பதற்காக ஒரு நாள் என்ஜினியர் ஒருவர் வந்தார்.

அன்று டெய்லரம்மாவின் வீட்டில் தரை வேலை முடிந்திருந்தது. வேலை நடந்த நாட்களில் அவள் மேஸ்திரியின் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவருடைய மனைவிக்கு ரவிக்கைகளாகத் தைத்துத் தள்ளியிருந்தாள். மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துத் தரையின் மட்டத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது என்ஜினியர் குனிந்து உள்ளே வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார்.

"நல்லா வழுவழுன்னு இருக்கே. நீங்க போட்டதா?"

"ஆமா சார்."

"எவ்வளவு நாள் தாங்கும் இது?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது அவருக்குத் தெரியும். தரை ஏறுகிறது, சுவர் ஏறுவதில்லை. சுவரின் அடி, நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் ஊறி வருகிறது. இன்னும் ஒரு முறைக்கு மேல் இந்த வீட்டை ஏற்ற முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் டெய்லரம்மா தையல் மெஷினின் தலையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்த மூச்சிரைப்பு. உள்ளே நிற்கிறவர் யார் என்று அவள் பார்க்கவில்லை. புதுத் தரையைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள்.

"தரை நிக்குமா மேஸ்திரி அண்ணே?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. குதிகாலால் ஓங்கி மிதித்தார்.

"நிக்கும் தங்கச்சி. தண்ணி வாசலோட திரும்பிப் போகும்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். என்ஜினியரும் சிரித்தார். கைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். தரையைப் படம் எடுக்கிறார் என்று மேஸ்திரி நினைத்தார். பூசி இழைத்த மூலை தெரியட்டும் என்று சற்று விலகிக்கூட நின்றார்.

அரசாங்கத்தின் பதில் வந்ததும் வக்கீலம்மா ஓடி வந்தாள். மேஸ்திரி வீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதில் அவருடைய குதிகால் ஓங்கி மிதித்தது. அவருடைய குரல் கணீரென்று கேட்டது.

"இது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"ஏன் மேஸ்திரி இப்படிச் சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"யாரு, என்ஜினியரா?"

"அவருக்கு நான் பதிலே சொல்லலையே. டெய்லரம்மாவுக்குச் சொன்னேன்."

வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அரசாங்கத்தின் வாதமே இதுதான் என்று விளக்கினாள். கடல் ஏறுவது உண்மை. ஆனால் ஜனங்கள் தாங்களாகவே நல்ல முறையில் சமாளித்துக்கொள்கிறார்கள். வீடுகள் சுத்தமாக, உலர்ந்து, மட்டமாக இருக்கின்றன, இதோ படங்கள். அந்தத் தெருவின் அனுபவமுள்ள மேஸ்திரியே தண்ணீர் உள்ளே வராது என்கிறார். ஆகவே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது மிகை.

"வேலை சுத்தமா இருந்தது தப்பாம்மா?" என்று கேட்டார் மேஸ்திரி. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"தப்பில்ல. ஆனா இப்ப நீங்க கேமரா முன்னாடி சொல்லணும். அது தொழில் வழக்கத்துக்குச் சொன்னது, உண்மையில இந்தத் தரை நிக்காதுன்னு. நீங்க போட்ட எந்தத் தரையும் நிக்காதுன்னு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் மனைவி குறுக்கிட்டாள். "இவரு வாயால அத எப்படிம்மா சொல்லுவாரு? தெரு முழுக்க இவரு சொல்லு மேலதானே நடந்துகிட்டு இருக்கு."

"சொல்லலன்னா கேஸ் நிக்காதும்மா."

மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து, முதலில் டெய்லரம்மாவின் வீட்டுக்குப் போனார். அவள் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். இவர் வாசலிலேயே குனிந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அவள் கால் நின்றது.

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

"அன்னைக்குச் சொன்னது உனக்கு. இப்ப சொல்லப்போறது கேஸுக்கு."

"ரெண்டுல எதுண்ணே நெசம்?"

அவர் நிலைக்கட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கட்டையை அறுத்துப் பொருத்தியதும் அவர்தான்.

"சரி விடுங்க. எனக்குத் தெரியாதா என்ன" என்றாள் அவள், துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. "தெருவுக்காகத்தானே. போய்ச் சொல்லிட்டு வாங்க. மேட்டுக்குப் போனதும் நின்னுகிட்டுத் துணி வெட்டுவேன்ல? அப்ப எனக்கு வேற தரை போட்டுக் குடுங்க. அதுக்குச் சொல்லு குடுங்க."

அவர் திரும்பி வந்து கேமரா முன்னால் உட்கார்ந்தார். வக்கீலம்மா கேட்ட ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். சுவர் உதிர்வதைச் சொன்னார். கீழிருந்து தண்ணீர் ஊறுவதைச் சொன்னார். கடைசியில், "நிக்காது. நான் போட்ட எதுவும் நிக்காது" என்றார். சொல்லி முடித்ததும் எழுந்து போய்த் தொட்டியில் முழங்கை வரை கழுவினார். அன்று அவர் சிமெண்டைத் தொடவே இல்லை.

பிறகு காத்திருந்தார்கள். வருஷங்கள் போயின. கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் மேட்டுக்குப் போகாமலே போய்ச் சேர்ந்தார்கள். குழு கூடியது, ஒத்திவைத்தது, விளக்கம் கேட்டது. தெரு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நனைந்தது. யாராவது வீட்டை விட்டுப் போகலாமா என்று யோசித்தால் சலூன்காரர் பிடித்துக்கொள்வார். "இரு. தீர்ப்பு வரட்டும். இப்ப நீ போயிட்டா, பாரு, தானாவே போயிட்டாங்கன்னு அதையும் எழுதிக்குவான்." மேஸ்திரியின் மகள் மேட்டுப் பகுதியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வந்துவிடுங்கள் என்று போன் மேல் போன். "தெருவோட வர்றோம்மா" என்பார் மேஸ்திரி. தரை வேலை மட்டும் நிற்கவில்லை. ஆனால் சாமான் எடுக்கும் நாளில் அவர் முன்போல ஓங்கி மிதிப்பதில்லை. வீட்டுக்காரிகள் கேட்பார்கள்; அவரும் சொல்வார். சொல்லிவிட்டு, வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

முடிவு வந்த நாளில் சலூன் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாதவர்கள் குனிந்து நின்றார்கள். வக்கீலம்மா நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியிலிருந்து படித்து, படித்ததைப் பேச்சு வழக்கில் சொன்னாள். ஆரம்பம் நன்றாகவே இருந்தது. கடலேற்றம் மனித உரிமைப் பிரச்சினைதான் என்றது குழு. நாடுகளுக்குப் பொறுப்பு உண்டு என்றது. அரசாங்கம் நிலைமையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றது. பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஆனா இந்த மனுவப் பொறுத்தவரைக்கும், உரிமை மீறல் நடந்ததா முடிவு செய்ய முடியலன்னு சொல்றாங்க. வீடுகள் உயர்த்தப்பட்டிருக்கு. ஜனங்க சமாளிச்சுக்கிட்டு இருக்காங்க. அங்கேயே வேலை செய்யற அனுபவமுள்ள மேஸ்திரி ஒருத்தர், தண்ணி உள்ள வராதுன்னு சொல்லியிருக்கார். பிறகு அவரே மாத்திச் சொன்னதையும் குழு கவனிச்சுது. ஆனா..." அவள் திரையை மேலே தள்ளினாள். "ஆனா பின்னால சொன்னது வழக்குக்காகச் சொன்னது. முதல்ல சொன்னது யாரும் கட்டாயப்படுத்தாம, இயல்பாச் சொன்னது. அதனால முதல் வார்த்தைக்குத்தான் எடை அதிகம்ங்கிறாங்க."

மேஸ்திரி கண்ணாடிக்கு எதிரே தரையில் குந்தியிருந்தார். தரையோடு இருந்ததால் அவர் முகம் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் தெருவின் முகங்கள். பின்சுவர்க் கண்ணாடியில் அவர்களுடைய முதுகுகள், அதற்குள் மறுபடி முகங்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தன. யாரும் கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் அவரால் அதைத் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

"குழுவுல ரெண்டு பேர் நம்ம பக்கம் எழுதியிருக்காங்க" என்றாள் வக்கீலம்மா. "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. அவ்வளவு தூரம் ஆபத்து முத்தற வரைக்கும் ஜனங்க காத்திருக்கணுமான்னு கேட்டிருக்காங்க."

"ரெண்டு பேரும் இங்க வந்து தண்ணி இறைப்பாங்களாம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அடுத்து வேற கரையில யாராவது கேஸ் போடும்போது, உங்க வழக்கைத்தான் எடுத்துக்காட்டுவாங்க. இது வீண் போகல."

சலூன்காரர் சீப்பை எடுத்து, வெட்ட ஆளில்லாத காற்றில் ஒரு தடவை வாரினார். "எடுத்துக்காட்டா இருக்கணும்னாலும் நாங்க முதல்ல இருக்கணுமேம்மா."

மூலையில் உட்கார்ந்திருந்த டெய்லரம்மா எழுந்தாள். கூரையில் தலை இடித்தது, தடவிக்கொள்ளக்கூட இல்லை.

"அது எனக்குச் சொன்ன சொல்லு" என்றாள் வக்கீலம்மாவிடம். "நான் கேட்டேன், அண்ணன் எனக்குச் சொன்னாரு. எனக்குச் சொன்னத அவங்க எப்படி எடுத்துக்கிட்டுப் போனாங்க?"

வக்கீலம்மாவிடம் அதற்குச் சட்டம் இல்லை. கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெண்கள் போய் அவளைத் தேற்றினார்கள்.

மேஸ்திரி கூட்டம் கலையும் முன்பே வெளியே வந்துவிட்டார். உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொன்னதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொண்டார்கள். தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குச் சொல் கொடுத்தவர் அவர். அத்தனையிலும் ஒன்றே ஒன்றைத்தான் உலகம் எழுத்துக்கு எழுத்து நம்பியிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதன் பிறகு தெரு நிற்கவில்லை. பிடித்து வைத்திருந்த சலூன்காரரே முதலில் போனார். மருமகனின் ஊரில் யாரோ கடை தருவதாகச் சொன்னார்களாம். கண்ணாடிகளைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றும்போது மேஸ்திரியின் தோளைத் தட்டினார். "உன் மேல ஒண்ணும் இல்லய்யா" என்றார். அப்படிச் சொல்லாமல் போயிருக்கலாம் என்று மேஸ்திரிக்கு இருந்தது. அடுத்தடுத்துக் குடும்பங்கள் கிளம்பின. ஒன்று அண்ணன் வீட்டுக்கு, ஒன்று வாடகை அறைக்கு, ஒன்று அரசாங்கம் எங்கேயோ கொடுத்த ஒற்றை அறைக்கு. ஒரு தெருவாக எடுத்து ஒரு தெருவாக வைக்க வேண்டியது உதிரி உதிரியாகப் போயிற்று. பூட்டிய வீடுகளுக்குள் அவர் போட்ட தரைகளின் மேல் தண்ணீர் ஆள் நடமாட்டமில்லாமல் நின்றது.

மேஸ்திரியின் மனைவியும் ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள். "தெருவோட போகலாம்னு சொன்னீங்க, இருந்தேன். இப்ப தெருவே போயிடுச்சு. இன்னும் என்ன?"

"தங்கச்சி இருக்கால்ல."

"அவளையும் கூட்டிட்டு வாங்களேன்."

"கேட்டேன். பொண்ணு குடுத்த வீட்டுல நீங்களே ஒண்டப் போறீங்க, அதுல நான் வேறயான்னுட்டா."

மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "வர்றப்ப வாங்க" என்றாள். வண்டி திரும்பும்வரை அவர் நின்றார்.

அடுத்த அமாவாசைக்கு டெய்லரம்மாவின் தரை பிளந்தது. நடுவில், எந்த இடத்தில் அவர் ஓங்கி மிதித்தாரோ ஏறக்குறைய அந்த இடத்தில், கீழிருந்து தண்ணீர் கொப்புளித்தது. அவளாக வந்து கூப்பிடவில்லை. பாத்திரத்தால் இறைத்து ஊற்றும் சத்தம் கேட்டு அவராகத்தான் போனார்.

கடைசியாக ஒரு தடவை ஏற்றலாம். அப்படி ஏற்றினால் அந்த அறையில் உட்காரத்தான் முடியும், தவழ்ந்துதான் கதவுக்கு வர முடியும். அதை அவர் சொன்னார். "தையலுக்கு உட்கார்ந்தா போதும்ல" என்றாள் அவள்.

ஒற்றை ஆளாக வேலை செய்தார். உடைகல்லுக்குப் பஞ்சமில்லை, பூட்டிய வீடுகளின் சுற்றுச்சுவர்கள் தாமாகவே விழுந்துகொண்டிருந்தன. அதில் சில அவர் கட்டியவை. திமிசுக் கட்டையைத் தூக்கி இடிக்க உயரம் போதாமல், மண்டியிட்டுக் கையால் அழுத்தி இறுக்கினார். தண்ணீர்தான் கிடைக்கவில்லை. தெருவில் ஆள் இல்லாததால் தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். டெய்லரம்மா குடிக்க வைத்திருந்த ஒரு குடம் மட்டும் இருந்தது. அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. அடிபம்பில் அடித்தார். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கலவையில் ஊற்றினார்.

தரை காய்வதற்குள் அவர் மனதுக்குள் ஒரே யோசனை. கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? நிக்கும் என்று சொன்னால் அவளுக்கே தெரியும் அது பொய் என்று. நிக்காது என்று சொன்னால் அவள் வாசலில் நின்றபடி வேறு எங்கே போவாள்? கரணையைத் தேய்க்கும்போதும், மட்டப்பலகையை இழுக்கும்போதும், இரண்டு பதில்களையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் வாயில் தங்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டு அவள் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தார்.

சாமான் எடுக்கும் நாள் வந்தது. தெருவில் அப்போதே தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. டெய்லரம்மா முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெஷினின் தலையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மேஸ்திரி அறையின் நடுவில் இருந்தார். நிற்க முடியாததால், ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மிதிப்பதற்கும் வழியில்லை. கையால் தட்டலாமா என்று யோசித்துக் கையை எடுத்தார்.

அவள் வாசலில் நின்றாள். அவர் காத்திருந்தார்.

அவள் கேட்கவில்லை. மெஷினை முதலில் உள்ளே தள்ளினாள். பிறகு குனிந்து, கையை ஊன்றி, தவழ்ந்து உள்ளே வந்தாள். மெஷினை இழுத்துச் சுவரோரமாக வைத்து, எதிரில் உட்கார்ந்து, சேலை முந்தானையால் அதன் சக்கரத்தைத் துடைத்தாள்.

"தங்கச்சி" என்றார் மேஸ்திரி.

"என்னண்ணே?"

அவர் கரணையையும் மட்டப்பலகையையும் சட்டிக்குள் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தார். காலைக் கீழே வைத்ததும் தண்ணீர் கெண்டைக்கால்வரை ஏறியது.

"போகும்போது அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்கண்ணே" என்றாள் அவள் உள்ளிருந்து. "தண்ணி வந்துகிட்டு இருக்கு."